யூஎஸ்ஆர்/இன்க்ளூடைப் பாராத ஜிசிசி: ஒரு கட்டுமானப் பதிவு

என் லினக்ஸ் கணினியில் இருக்கும் சி நிரலகம் (சி நிரல்கள் அழைக்கும் அடிப்படைச் செயற்கூறுகளின் தொகுப்பு) ஜிலிப்சி 2.31. நான் எழுதிக்கொண்டிருந்த நிரலோ 2.38 நிறுவப்பட்ட வேறொரு கணினியில் ஓட வேண்டியது. அந்த 2.38 பதிப்பில்தான் ஜிலிப்சியில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட ஸ்ட்ர்எல்காப்பி, ஸ்ட்ர்எல்கேட் என்னும் செயற்கூறுகளை என் நிரல் அழைத்தது. இதற்காக இயங்குதளத்தையே மேம்படுத்த விருப்பமில்லாததால், ஜிலிப்சி 2.38-ஐ மூலநிரலிலிருந்து தொகுத்து, என் வீட்டு அடைவுக்குள் தனியாக ஓரிடத்தில் நிறுவினேன். அந்த இடத்தை இப்பதிவில் ‘மேடை’ என்று குறிப்பிடுகிறேன். மேடையின் உள்ளே இன்க்ளூட் அடைவில், செயற்கூறுகளை அறிவிக்கும் ஹெடர் கோப்புகளும், லிப் அடைவில் நிரலகக் கோப்புகளும் வந்து சேர்ந்தன. இனிக் கம்பைலருக்கு, அதாவது மூலநிரலை இயந்திரமொழியாக்கும் கருவிக்கு, அந்த இடத்தைக் காட்டினால் போதும் என்று நினைத்தேன்.

முதலில் கையில் இருந்த ஜிசிசி கம்பைலரையே, கூடுதல் ஹெடர் அடைவைக் காட்டும் ஐசிஸ்டம் தெரிவின் வழியாக மேடையின் ஹெடர்களைப் பார்க்கச் செய்தேன். சி நிரல்கள் தொகுபட்டன. சி++ நிரல்களில் புரியாத பிழைகள் வந்தன. காரணம் தேடலின் வரிசையில் இருக்கிறது. ஐசிஸ்டம் தரும் அடைவு, கம்பைலரின் இயல்பான ஹெடர் அடைவுகள் அனைத்துக்கும் முன்னால் போய் நிற்கும். ஆனால் ஜிசிசி 6 முதற்கொண்டு சிஎஸ்டிடிலிப் என்னும் சி++ ஹெடர், எஸ்டிடிலிப்.ஹெச் கோப்பை இன்க்ளூட்_நெக்ஸ்ட் மூலம் சேர்க்கிறது. அதாவது, தான் இருக்கும் அடைவுக்குப் பின்னால் உள்ள அடைவுகளில் மட்டுமே அது தேடும். பின்னால் இருப்பது பழைய யூஎஸ்ஆர்/இன்க்ளூட், அதாவது கணினியின் 2.31 ஹெடர்கள் இருக்கும் வழக்கமான அடைவு. ஆகவே எஸ்டிடிலிப்.ஹெச் 2.31-இலிருந்து வந்தது, அந்தக் கோப்பு தன் பங்குக்குச் சேர்த்த பிட்ஸ் அடைவின் கோப்புகள் 2.38-இலிருந்து வந்தன. இரண்டு பதிப்புகளின் ஹெடர்கள் ஒரே தொகுப்பில் கலந்தபின் எந்தப் பிழையையும் நம்ப முடியாது. பழைய அடைவு தேடல் பட்டியலிலேயே இல்லாத ஒரு கம்பைலர் வேண்டும் என்பது அப்போது உறுதியாயிற்று. ஜிசிசி 13.2-இன் மூலநிரலை எடுத்தேன்.

கட்டுமானத்துக்கு முன் அதன் அமைப்புகளைத் தீர்மானிக்கும் ஜிசிசியின் கான்ஃபிகர் நிரலுக்கு இதற்கென்றே ஒரு தெரிவு உண்டு: வித்-நேட்டிவ்-சிஸ்டம்-ஹெடர்-டிர். யூஎஸ்ஆர்/இன்க்ளூட் என்ற பாதைக்குப் பதிலாக நாம் தரும் பாதையை அது கம்பைலருக்குள்ளேயே பொறித்துவிடும். தரும் பாதை சாய்கோட்டில் தொடங்கும் முழுப்பாதையாக இருக்க வேண்டும். இல்லையேல் கான்ஃபிகர் ஏற்காது. எல்லா இலக்குகளுக்கும் (உருவாகும் நிரல்கள் ஓட வேண்டிய அமைப்புகளுக்கும்) இயல்பான இடம் யூஎஸ்ஆர்/இன்க்ளூட் என்று நினைத்துவிடக் கூடாது. ஜிசிசியின் கட்டமைப்புக் கோப்பைப் படித்தால், குனு ஹர்டு இயங்குதளத்துக்கு வெறும் இன்க்ளூட் என்றும், விண்டோஸுக்கான மிங்டபிள்யூவுக்கு மிங்டபிள்யூ/இன்க்ளூட் என்றும் தனித்தனியே குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். நிக்ஸ், கைக்ஸ் போன்ற அமைப்புகளில் யூஎஸ்ஆர்/இன்க்ளூட் என்ற அடைவே கிடையாது. ஜிலிப்சி ஒரு நீண்ட குறிப்பெண் கொண்ட அடைவில் இருக்கும். அவற்றின் ஜிசிசி இந்தத் தெரிவைக் கொண்டே கட்டப்படுகிறது. ஆக, வழி சரியான வழிதான் என்ற நம்பிக்கையுடன், மேடையின் இன்க்ளூட் அடைவுக்கான முழுப்பாதையைக் கொடுத்து, மூலநிரலுக்கு வெளியே தனியாக ஒரு கட்டும் அடைவில் வேலையைத் தொடங்கினேன்.

முதல் நிறுத்தம், ஜிசிசியின் சொந்தத் துணை நிரலகமான லிப்ஜிசிசியில் வந்தது. எர்னோ.ஹெச் கோப்பு லினக்ஸ்/எர்னோ.ஹெச் கோப்பைத் தேடிக் கிடைக்காமல் நின்றது. இது நான் முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்க வேண்டியது. யூஎஸ்ஆர்/இன்க்ளூட் அடைவில் ஜிலிப்சியின் ஹெடர்கள் மட்டும் இருப்பதில்லை. லினக்ஸ், ஏஎஸ்எம் ஆகிய துணை அடைவுகளில், இயங்குதளத்தின் கருவான கெர்னலின் ஹெடர்களும் அங்கேயே இருக்கின்றன. ஜிலிப்சியைத் தொகுக்கும்போது அவை என் கணினியின் வழக்கமான இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டனவே தவிர, மேடைக்குள் நிறுவப்படவில்லை. கெர்னல் மூலநிரலில், மேக் என்னும் கட்டும் கருவிக்கான ஹெடர்ஸ்_இன்ஸ்டால் என்ற பணியை, நிறுவும் இடமாக மேடையைக் கொடுத்து ஓட்டியதும் இக்குறை தீர்ந்தது.

இரண்டாவது நிறுத்தம்தான் பாடம் புகட்டியது. ஜிசிசி தன்னைத்தானே மூன்று கட்டங்களாகக் கட்டிக்கொள்ளும்: கணினியில் இருக்கும் பழைய கம்பைலர் முதல் கட்டத்தை உருவாக்கும், முதல் கட்டம் இரண்டாவதை உருவாக்கும், இரண்டாவது மூன்றாவதை உருவாக்கும், கடைசி இரண்டின் பொருள்கோப்புகளும் ஒப்பிடப்படும். முதல் கட்டம் எந்தச் சிக்கலுமின்றி முடிந்தது, ஏனெனில் அது பழைய ஹெடர்களைக் கொண்டு பழைய கம்பைலரால் ஆக்கப்பட்டது. இரண்டாம் கட்டத்தில், தொகுபட்ட பொருள்கோப்புகளை நிரலகத்தோடு சேர்க்கும் இணைப்பி, ஐஎஸ்ஓசி23 என்ற அடையாளத்தோடு கூடிய ஸ்ட்ர்டோல் என்னும் குறியீட்டைக் காணவில்லை என்று வரிசையாகப் புலம்பத் தொடங்கியது. ஜிசிசியின் மூலநிரலில் அப்படி ஒரு பெயரே கிடையாது. அந்தப் பெயரை நுழைப்பது ஜிலிப்சி 2.38-இன் ஹெடர். புதிய சி தரத்தில் 0பி என்று தொடங்கும் இரும எண்களையும் ஸ்ட்ர்டோல் படிக்க வேண்டும் என்பதால், குனு_சோர்ஸ் என்ற மேக்ரோ வரையறுக்கப்பட்டிருக்கும் இடங்களில் ஸ்ட்ர்டோலுக்கான அழைப்பை அந்த ஹெடர் ஓசையின்றிப் புதிய குறியீட்டுக்குத் திருப்பிவிடுகிறது. லினக்ஸில் ஜி++ கம்பைலர் குனு_சோர்ஸை எப்போதும் தானே வரையறுத்துக்கொள்ளும். ஜிசிசியின் மூலநிரலோ சி++-இல் எழுதப்பட்டது. எனவே திருப்பம் தவறாமல் நிகழ்ந்தது. ஆனால் இணைப்பி எடுத்துக்கொண்ட நிரலகம், கணினியின் பழைய 2.31. அதில் அந்தக் குறியீடு இல்லை.

வித்-நேட்டிவ்-சிஸ்டம்-ஹெடர்-டிர் என்ற பெயர் எதைச் சொல்கிறதோ அதை மட்டுமே செய்கிறது. ஹெடர்களின் இடம் மாறும். நிரலகத்தின் இடமும், நிரலின் தொடக்கத்தில் ஒட்டப்படும் சிஆர்டி1 பொருள்கோப்பின் இடமும் மாறா. ஹெடர் கோப்பு என்பது நிரலகத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் எழுத்துப்படி. ஒப்பந்தத்தை ஒருவரிடம் படித்துவிட்டு வேலையை இன்னொருவரிடம் கேட்டிருக்கிறேன். இந்த முறை இணைப்பியே தடுத்து நிறுத்தியது நல்லதாயிற்று. பெயர் மாறாமல் ஒரு கட்டமைப்பின் அளவு மட்டும் மாறியிருந்தால் எல்லாம் இணைந்து, ஓடும்போதுதான் தெரிந்திருக்கும்.

இரண்டையும் சேர்த்து நகர்த்த ஜிசிசி தரும் கருவி சிஸ்ரூட். வித்-சிஸ்ரூட் தெரிவுக்கு ஓர் அடைவைக் கொடுத்தால், அதை ஒரு முழு இயங்குதளத்தின் வேர் அடைவாகக் கருதி, ஹெடர், நிரலகம், தொடக்கப் பொருள்கோப்பு ஆகிய மூன்றையும் அதற்குள்ளேயே தேடும். மேடையைச் சிஸ்ரூட்டாகக் கொடுத்தேன்; முன்பு கொடுத்த ஹெடர் தெரிவையும் அப்படியே விட்டுவைத்தேன். கால் மணி நேரத்துக்கும் மேல் ஓடியபின், அமைப்பு ஹெடர்கள் இருக்க வேண்டிய அடைவு இல்லை என்ற செய்தியுடன் கட்டுமானம் நின்றது. செய்தியில் காட்டப்பட்ட பாதையைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது: மேடையின் முழுப்பாதை, அதன் வாலில் மீண்டும் மேடையின் முழுப்பாதை, கடைசியில் இன்க்ளூட். சிஸ்ரூட் இருக்கும்போது ஹெடர் தெரிவில் தரும் பாதை சிஸ்ரூட்டின் உள்ளே தேடப்படும் என்று ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. முழுப்பாதை என்பது அங்கே சிஸ்ரூட்டின் வேரிலிருந்து எண்ணப்படும் முழுப்பாதை. தெரிவை வெறும் /இன்க்ளூட் என்று மாற்றினேன்.

அடுத்து லிப்ஜிசிசியின் பகிர்வு நிரலகத்தை இணைக்கும் இடத்தில் இணைப்பி நின்றது. லிப்சி.எஸ்ஓ.6 மேடைக்குள் கிடைக்கவில்லை என்றது. கோப்பு கண்ணெதிரே இருந்தது. ஆனால் இணைப்பி முதலில் படிக்கும் லிப்சி.எஸ்ஓ என்பது உண்மையில் ஒரு நிரலகம் அன்று. எந்தெந்தக் கோப்புகளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முழுப்பாதைகளோடு சொல்லும் சிறியதோர் உரைக்கோப்பு. ஜிலிப்சியை நான் மேடையின் முழுப்பாதையையே பிரிஃபிக்ஸாக, அதாவது நிறுவும் இடமாகக் கொடுத்துத் தொகுத்திருந்ததால், உரைக்கோப்பிலும் அந்த முழுப்பாதை எழுதப்பட்டிருந்தது. சிஸ்ரூட்டுக்குள் இருக்கும் இப்படிப்பட்ட கோப்பில் சாய்கோட்டில் தொடங்கும் பாதை வந்தால், இணைப்பி அதற்கு முன்னால் சிஸ்ரூட்டைச் சேர்த்துக்கொள்ளும். மறுபடியும் மேடைக்குள் மேடை. உரைக்கோப்பைக் கையால் திருத்திவிடலாம். சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் பிரிஃபிக்ஸ் என்பது அந்த ஒரு கோப்பில் மட்டும் பதிவதில்லை. நிரலகத்தின் உள்ளேயும் மொழித் தரவுகள், எழுத்துக் குறியாக்கங்களை மாற்றும் துணைக்கூறுகள் ஆகியவற்றின் இடங்களாகப் பதிந்திருக்கும். எனவே மேடையை முழுவதுமாக அழித்துவிட்டு, ஜிலிப்சியை யூஎஸ்ஆர் என்ற வழக்கமான பிரிஃபிக்ஸுடன் மறுபடி தொகுத்து, நிறுவும்போது மட்டும், கோப்புகளை வேறோர் அடைவுக்குள் வைக்கச் சொல்லும் டெஸ்ட்டிர் மாறியின் மூலம் மேடைக்குள் இறக்குவது என்று முடிவு செய்தேன். கோப்புகள் தாம் ஒரு சாதாரண கணினியில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். எங்கே இருக்கிறோம் என்ற செய்தி கம்பைலருக்கும் இணைப்பிக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

இதன் விளைவாக ஹெடர்கள் மேடைக்குள் யூஎஸ்ஆர்/இன்க்ளூட் அடைவில் அமர்ந்தன. அது ஜிசிசியின் இயல்பான இடம். எந்தத் தெரிவை வைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்கினேனோ அதற்கு இனி வேலை இல்லை. கட்டளையிலிருந்து அதை நீக்கிவிட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு தடை மீதமிருந்தது. இலக்கு நிரலகங்களைக் கட்டத் தொடங்கியதும், தொகுக்கப்பட்ட சி நிரலை ஓட்ட முடியவில்லை என்று கான்ஃபிகர் நின்றது. அதன் பதிவுக் கோப்பைத் திறந்தால், ஜிலிப்சி_2.34 என்ற பதிப்பு கிடைக்கவில்லை என்ற வரி இருந்தது. நான் கொண்டுவந்தது 2.38, கணினியில் இருப்பது 2.31, இடையில் 2.34 எங்கிருந்து வந்தது? 2021-இல் வந்த அந்தப் பதிப்பில் இழைகளுக்கான நிரலகம் முதன்மை நிரலகத்தோடு இணைக்கப்பட்டது. அப்போது, ஒவ்வொரு நிரலையும் தொடங்கிவைக்கும் லிப்சி_ஸ்டார்ட்_மெயின் என்னும் குறியீட்டுக்குப் புதிய பதிப்பெண் தரப்பட்டது. அதன்பின் தொகுக்கப்படும் மிகச் சிறிய நிரலும், உள்ளே ஒன்றுமே செய்யாத வெற்று மெயினும்கூட, 2.34-க்குக் குறைந்த நிரலகத்தில் ஓடாது. என் கம்பைலர் உருவாக்கும் எதையும் என் கணினி ஓட்டாது என்றால், செயலியின் கட்டடக்கலை ஒன்றாக இருந்தாலும் இது பொருளளவில் குறுக்குக் கம்பைலர்தான், அதாவது வேறொரு அமைப்புக்காக நிரல் ஆக்கும் கம்பைலர். கான்ஃபிகருக்கு அதை நான் சொல்லவில்லை. இலக்கின் பெயரும் கணினியின் பெயரும் ஒன்றாக இருந்ததால், உருவானதை ஓட்டிப் பார்க்கலாம் என்று அது நம்பியது.

தீர்வு எளிது. இலக்கின் பெயரில் கட்டடக்கலைக்கு அடுத்து வரும் தயாரிப்பாளர் பகுதி வெறும் அடையாளம். வழக்கமாகப் பிசி என்று இருக்கும். அதை நானே விரும்பிய வேறொரு சொல்லாக மாற்றினேன். பெயர்கள் வேறுபட்டதும், கான்ஃபிகர் எதையும் ஓட்டிப் பார்க்க முனையாமல், குறுக்குத் தொகுப்பின் முறைப்படி நடந்துகொள்ளும். மூன்று கட்டக் கட்டுமானமும் தானாகவே கைவிடப்படும். குறுக்குக் கம்பைலர் தன் இலக்கின் பெயரைத் தாங்கிய இணைப்பியையும் அசெம்ப்ளரையும் எதிர்பார்க்கும் என்பதால், அவ்விரண்டும் அடங்கிய பின்யூட்டில்ஸை அதே இலக்குப் பெயரோடும் அதே சிஸ்ரூட்டோடும் முதலில் தொகுத்து நிறுவினேன். மேடையில் 64 பிட் ஜிலிப்சி மட்டுமே இருந்ததால் டிசேபிள்-மல்ட்டிலிப் என்ற தெரிவையும் சேர்த்துக்கொண்டேன். இல்லையேல் 32 பிட் வடிவத்தையும் கட்ட முயன்று, ஸ்டப்ஸ்-32.ஹெச் கோப்பு இல்லை என்று நிற்கும்.

இங்கே நேரத்தை மிச்சப்படுத்த நினைத்துச் செய்த ஓர் அவசரம், அதுவரையிலான எல்லாத் தவறுகளையும்விட அதிக நேரத்தைத் தின்றது. புதிய ஜிலிப்சி ஒரு முனையத்தில் தொகுபட்டுக்கொண்டிருந்தது. கம்பைலரின் உள்பகுதிக்கு இலக்கின் நிரலகம் தேவையில்லையே என்று எண்ணி, இன்னொரு முனையத்தில் ஜிசிசியைக் கான்ஃபிகர் செய்து, மேக் கருவியின் ஆல்-ஜிசிசி என்ற பணியை மட்டும் ஓடவிட்டேன். மேடையில் அப்போது கெர்னலின் ஹெடர்கள் மட்டுமே இருந்தன. ஹெடர் அடைவு இருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கும் சோதனை திருப்தியடைந்தது. ஜிலிப்சி நிறுவப்பட்டபின் மீதியைத் தொடர்ந்தேன். லிப்ஜிசிசி வெற்றிகரமாக முடிந்தது. பிறகு, நினைவகப் பிழைகளைக் கண்டறிய உதவும் லிப்சானிட்டைசரில் ஏஎஸ்ஏஎன்_லினக்ஸ் என்ற கோப்பு, கோப்புப் பாதையின் உச்ச நீளமான பாத்_மேக்ஸ் அறிவிக்கப்படவில்லை என்று நின்றது.

இப்பிழை குறுக்குக் கம்பைலர் கட்டும் பலருக்கும் பழகியது. அந்தக் கோப்பின் தலையில் பாத்_மேக்ஸ் என்பதை 4096 என்று வரையறுத்துவிடுவதுதான் அவர்களிடையே புழங்கும் மருந்து. எண் சரியான எண்தான், கெர்னலின் லினக்ஸ்/லிமிட்ஸ்.ஹெச் கோப்பிலும் அதுவே உள்ளது. ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மேடையில் ஜிலிப்சியின் லிமிட்ஸ்.ஹெச் இருக்கிறது, அதிலிருந்து அந்த எண்ணுக்கு வழியும் இருக்கிறது. அப்படியிருக்க, கம்பைலருக்கு ஏன் தெரியவில்லை?

ஜிசிசி தனக்கென்று ஒரு லிமிட்ஸ்.ஹெச் கோப்பை வைத்திருக்கிறது. தேடல் பட்டியலில் அது முதலில் வரும். இன்ட், லாங் ஆகியவற்றின் எல்லைகளை அது தானே சொல்லும். மற்றவற்றுக்கு இன்க்ளூட்_நெக்ஸ்ட் மூலம் நிரலகத்தின் லிமிட்ஸ்.ஹெச் கோப்பை அழைத்துவரும். ஆனால் அப்படி அழைக்கும் வடிவம், கட்டும் நேரத்தில் அமைப்பின் ஹெடர் அடைவில் ஒரு லிமிட்ஸ்.ஹெச் இருப்பதைக் கண்டால் மட்டுமே உருவாக்கப்படும். இருந்தால் லிமிட்எக்ஸ், ஜிலிமிட்ஸ், லிமிட்ஒய் என்ற மூன்று துண்டுகளும் ஒட்டப்படும். இல்லையென்றால் நடுத்துண்டு மட்டும் நிறுவப்படும். என் அவசரத்தில் அந்தச் சோதனை நடந்தபோது ஜிலிப்சி இன்னும் வந்து சேரவில்லை. அதன்பின் ஹெடர்கள் வந்தாலும், முடிந்த வேலையை மேக் மறுபடி செய்யாது. கட்டும் அடைவில் இருந்த அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். இன்க்ளூட்_நெக்ஸ்ட் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. 4096 என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் லிப்சானிட்டைசர் மட்டும் பிழைத்திருக்கும். அந்தக் கம்பைலரைக் கொண்டு நான் தொகுக்கும் ஒவ்வொரு நிரலிலும் அதே குறை காத்திருந்திருக்கும்.

இதைக் கண்டபின் கான்ஃபிகரின் நேரத்திலும் இதுபோல் ஏதேனும் படிக்கப்படுகிறதா என்று தேடினேன். படிக்கப்படுகிறது. சிஸ்ரூட்டின் ஃபீச்சர்ஸ்.ஹெச் கோப்பிலிருந்து ஜிலிப்சியின் பதிப்பை ஜிசிசி ஊகித்துக்கொள்கிறது; அடுக்குக் காப்புக்கான (எஸ்எஸ்பி) செயற்கூறுகளை நிரலகமே தருகிறதா என்பது போன்ற முடிவுகளை அதைக் கொண்டு எடுக்கிறது. ஜிலிப்சி 2.4 முதல் அவற்றைத் தானே தருகிறது. கோப்பு இல்லாத நேரத்தில் கான்ஃபிகர் ஆன என் கம்பைலரிடம், அதன் உள்ளமைந்த கட்டளை விதிகளைக் காட்டும் டம்ப்ஸ்பெக்ஸ் கேட்டபோது, தேவையே இல்லாத எஸ்எஸ்பி நிரலகத்தை இணைக்கும் கட்டளை அதில் இருந்தது. நிரலகம் வருமுன்னே கம்பைலரைக் கட்டியே ஆக வேண்டியவர்களுக்காக வித்-ஜிலிப்சி-வெர்ஷன் என்ற தெரிவு இருக்கிறது. எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை, பொறுமைதான் இல்லாதிருந்தது. கட்டும் அடைவை முழுவதுமாக நீக்கிவிட்டு, மேடை நிறைந்த நிலையில், கான்ஃபிகரிலிருந்து மறுபடி தொடங்கினேன். முன்பு செய்த சோதனைகளுக்காக அமைத்து மறந்துபோயிருந்த சி_இன்க்ளூட்_பாத் என்ற சூழல் மாறியையும் அப்போது அகற்றினேன். அது அமைந்திருந்தால் எத்தனை கவனமாகக் கட்டிய கம்பைலரும் அந்த அடைவை அமைப்பின் அடைவுகளுக்கு முன்னால் வைத்துத் தேடும்.

கட்டுமானம் முடிந்ததும் முதல் வேலையாக, வெற்று உள்ளீட்டை, ஹெடர்களைத் தேடிச் சேர்க்கும் முன்செயலிக்கு அனுப்பி, வி கொடியோடு தேடல் பட்டியலைக் கேட்டேன். நான்கே அடைவுகள் வந்தன: ஜிசிசியின் சொந்த இன்க்ளூட், அதன் அருகில் உள்ள இன்க்ளூட்-ஃபிக்ஸ்ட், இலக்கின் பெயரைத் தாங்கிய இன்க்ளூட், கடைசியாக மேடைக்குள் இருக்கும் யூஎஸ்ஆர்/இன்க்ளூட். மேடைக்குள் யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட் இல்லாததால் அது புறக்கணிக்கப்படுகிறது என்ற குறிப்பும் இருந்தது. அந்த லோக்கல் அடைவின் இடத்தை வித்-லோக்கல்-பிரிஃபிக்ஸ் தெரிவால் மாற்றலாம். ஆனால் அதற்கு யூஎஸ்ஆர் என்று மட்டும் கொடுத்துவிடக் கூடாது என்று ஜிசிசியின் ஆவணமே எச்சரிக்கிறது, ஏனெனில் அமைப்பின் ஹெடர்கள் ஜிசிசி திருத்திவைத்த ஹெடர்களுக்கு முன்னால் வந்து நின்றுவிடும். கணினியின் சொந்த யூஎஸ்ஆர்/இன்க்ளூட் பட்டியலில் எங்கும் இல்லை.

பின்னர் ஸ்ட்ர்எல்காப்பியை அழைக்கும் பத்து வரி நிரலைத் தொகுத்து, ரீடெல்ஃப் கருவியைக் கொண்டு பதிப்புத் தேவைகளைப் பார்த்தேன்; ஜிலிப்சி_2.38 என்று இருந்தது. நேரடியாக ஓட்டியபோது எதிர்பார்த்தபடியே கணினி மறுத்தது. மேடைக்குள் லிப்64 அடைவில் இருக்கும் ஏற்றியை (நிரலையும் அதன் நிரலகங்களையும் நினைவகத்தில் ஏற்றும் நிரலை) அழைத்து, நிரலகப் பாதையாக அதே அடைவைக் கொடுத்து, அதன் வழியாக நிரலை ஓட்டியபோது ஓடியது. இலக்குக் கணினியில் இந்தச் சுற்றுவழி ஏதுமின்றி ஓடியது.

இன்க்ளூட்-ஃபிக்ஸ்ட் அடைவை மட்டும் அவ்வப்போது கவனிக்க வேண்டியிருக்கிறது. தரத்துக்கு ஒவ்வாதவை என்று ஜிசிசி கருதும் அமைப்பு ஹெடர்களைக் கட்டும் நேரத்தில் நகலெடுத்துத் திருத்தி, அதில்தான் வைக்கிறது. நாளை மேடையில் ஜிலிப்சியை மேம்படுத்தினால், அசல் மாறியிருக்கும், நகல் பழையதாகவே முன்னால் நிற்கும். ஜிசிசியோடு நிறுவப்படும் மேக்ஹெடர்ஸ் என்ற சிறு நிரல் அந்த நகல்களை மறுபடி உருவாக்கித் தரும். அது லிப்எக்ஸெக் அடைவின் ஆழத்தில், இன்ஸ்டால்-டூல்ஸ் என்ற துணை அடைவுக்குள் இருக்கிறது. அதன் முழுப்பாதையை மேடையின் வேர் அடைவில் ஓர் உரைக்கோப்பில் எழுதிவைத்திருக்கிறேன்.